ஹெக்டேர் கணக்கில் அடங்காத ஆற்றங்கரை

புதுதில்லி: கேரளத்தின் சாலக்குடி ஆற்றின் குறுக்கே அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்துக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மூன்று முறை அனுமதி அளித்தது: 1998, 2005, 2007. முதல் இரண்டு அனுமதிகளும் கேரள உயர் நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. மூன்றாவது அனுமதி, ஒரு கல்கூட எடுத்து வைக்கப்படாத நிலையில், 2017-ல் காலாவதியானது. இந்தியாவில் ஓர் அணைத் திட்டம் இத்தனை முறை ஏற்கப்பட்டும், இத்தனை முறை தடைபட்டும் நின்றது அபூர்வம்.

இந்த நெடிய வழக்கில் பெரும்பாலும் பேசப்பட்டது அருவியைப் பற்றித்தான். அதிரப்பள்ளி அருவியின் அழகு கெடும், சுற்றுலா பாதிக்கப்படும் என்றது ஒரு தரப்பு. அருவிக்குத் தேவையான தண்ணீரைத் திறந்து விடுவோம் என்றது மறுதரப்பு. ஆனால், தில்லியில் கோப்புகளைப் பார்த்த நிபுணர்களை உண்மையில் திணறடித்தது அருவியைவிட எளிமையான ஒரு கேள்வி. ஆற்றின் இரு கரைகளிலும் நின்று, வெள்ளத்தில் மூழ்கி, கோடையில் தலைகாட்டி வாழும் தாவரங்களை எந்த அளவுகோலால் அளப்பது?

திட்டக் கோப்பு இதற்கு ஒரே விடையைத்தான் வைத்திருந்தது. வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படும் வனநிலம் சுமார் 138 ஹெக்டேர். அதில் நீரில் மூழ்குவது சுமார் 104 ஹெக்டேர். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காடு மூழ்கும் திட்டங்களைப் பார்த்துப் பழகிய அதிகாரிகளுக்கு இது மிகச் சிறிய எண். "இவ்வளவு குறைந்த பாதிப்பில் மின்சாரம் கிடைக்கும்போது எதிர்ப்பு ஏன்?' என்ற கேள்வி அதனால்தான் திரும்பத் திரும்ப எழுந்தது. ஆற்றங்கரைக் காட்டை ஹெக்டேரில் அளந்தால் அது எப்போதும் சிறியதாகவே தெரியும் என்பதே இந்த விவகாரத்தின் முடிச்சு.

கரைக்கு மட்டும் உரிய காடு

ஆனைமலையில் பிறக்கும் பரம்பிக்குளம், குரியார்குட்டி, சோலையாறு, காரப்பாறை, ஆனக்கயம் ஆகிய ஓடைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு, ஏறத்தாழ 145 கி.மீ. ஓடி, பெரியாற்றோடு கலக்கிறது சாலக்குடி ஆறு. மலையிலிருந்து சமவெளிக்கு அது இறங்கும் இடத்தில் வாழச்சால், அதிரப்பள்ளி ஆகிய இரு அருவிகள் உள்ளன. இப்பகுதியில் ஆற்றின் இரு மருங்கிலும் நாடா போல நீண்டு கிடக்கிறது ஒரு காடு. சில இடங்களில் அதன் அகலம் நூறு அடிகூட இருக்காது.

கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரத்திலேயே இத்தகைய கரைக்காடு எஞ்சியிருப்பதுதான் இதன் சிறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் ஓடைக்கரைக் காடுகள் இன்னும் இருக்கின்றன. தாழ்ந்த பகுதிகளிலோ நெல், தென்னை, ரப்பர், தேக்கு என்று மனிதத் தேவைக்கான பயிர்கள் கரை வரை வந்துவிட்டன. வண்டல் படிந்த கரைமண் வளமானது. அதனால் முதலில் வெட்டப்பட்டதும் கரைக்காடுதான்.

சாலக்குடி ஆற்றின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் நடத்தப்பட்ட தாவரக் கணக்கெடுப்பில் 319 வகைப் பூக்கும் தாவரங்கள் பதிவாயின. அவற்றில் 24 மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியவை. 10 அரிய, அழியும் நிலையில் உள்ள வகைகள். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த லாஜெனாண்ட்ரா நாயரி என்னும் நீர்த்தாவரம் அவற்றுள் ஒன்று. உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே காணப்படும் இச்செடி, ஆற்றோரச் சேற்றில் வேரூன்றி நிற்பது.

மலையாளிகள் கல்லூர்வஞ்சி என்று அழைக்கும் குறுஞ்செடி இன்னொன்று. இது அரிய செடி அன்று. ஆனால் ஆற்றுக்கே உரிய செடி. நீரோட்டத்தின் நடுவே பாறைப் பிளவுகளில் வேரை இறுக்கி, வெள்ளம் மேலே புரண்டோடும்போது வளைந்து கொடுத்து, வடிந்ததும் நிமிர்கிறது. சிறுநீரகக் கல்லுக்கு ஆயுர்வேதம் இதன் வேரைப் பயன்படுத்துகிறது. இதனோடு சேர்ந்து வளரும் காட்டலரியும் இதே குணம் கொண்டது. கரை ஓரத்தில் நிற்கும் ஆற்றுவஞ்சி என்னும் சிறுமரம், தென்னிந்தியாவின் மேற்கு மலைகளில் ஆற்றங்கரை தவிர வேறெங்கும் வளர்வதில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ஆபத்துக்குள்ளாகக் கூடிய இனமாகப் பட்டியலிட்டுள்ளது.

தமிழர்களுக்கு இந்தத் தொடர்பு புதிதல்ல. மருத மரம் நின்ற நீர்நிலைக் கரைதான் ஒரு திணைக்கே பெயர் தந்தது. ஆற்றை அதன் கரையில் நிற்கும் மரத்தைக் கொண்டு அடையாளம் கண்ட மரபு அது.

இந்தக் காடு செய்யும் வேலைகளும் பல. அதன் வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. கிளைகளின் நிழல் நீரின் வெப்பத்தைக் குறைக்கிறது. உதிரும் கனிகளும் பூச்சிகளும் மீன்களுக்கு இரையாகின்றன. சாலக்குடி ஆற்றில் 104 வகை மீன்கள் பதிவாகியுள்ளன. கேரளத்தில் உள்ள நான்கு வகை இருவாச்சிப் பறவைகளும் வாழச்சால் காடுகளில் காணப்படுகின்றன. அவை பொந்து தேடிக் கூடமைப்பதற்கு வானளாவிய பழைய மரங்கள் வேண்டும். காட்டு யானைகள் நீருக்காக இறங்கும் வழியும் இதுவே.

நீரின் அளவும் நீரின் காலமும்

ஆற்றங்கரைத் தாவரங்கள் நிலத்தில் வேரூன்றியிருந்தாலும், அவை வாழ்வது ஆற்றின் கால ஒழுங்கை நம்பித்தான். எப்போது வெள்ளம் வரும், எத்தனை நாள் நிற்கும், எப்போது வடியும் என்ற ஒழுங்கே அவற்றின் நாட்காட்டி.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் பாறைகளில் ஒட்டி வாழும் போடோஸ்டெமேசி என்னும் குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். பார்வைக்குப் பாசி போலத் தெரியும் இவை உண்மையில் பூக்கும் தாவரங்கள். மழைக்காலம் முழுவதும் விரைந்தோடும் நீருக்கு அடியில் வளர்கின்றன. மழை ஓய்ந்து நீர்மட்டம் மெல்ல இறங்கும்போது பாறை வெளிப்படுகிறது. அந்தச் சில வாரங்களில் அவசரமாகப் பூத்து, காய்த்து, மடிந்துவிடுகின்றன. அவற்றின் நுண்ணிய விதைகள் காய்ந்த பாறையிலேயே ஒட்டிக் கிடந்து, அடுத்த மழையின் நீர் பட்டதும் முளைக்கின்றன. இக்குடும்பத்தின் பல இனங்கள் ஓரிரு ஆறுகளிலும் அருவிகளிலும் மட்டுமே உள்ளன.

அணை இந்த நாட்காட்டியை மூன்று விதமாகக் கிழிக்கிறது. அணைக்கு மேலே ஓடும் நீர் தேங்கும் நீராகிறது. விரைவோட்டத்தை நம்பிய செடிகளுக்கு அங்கே இடமில்லை. அணைக்குக் கீழே, தண்ணீர் சுரங்கப்பாதை வழியே மின் நிலையத்துக்குத் திருப்பப்படுவதால், இடைப்பட்ட ஆற்றுப் பகுதி ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது. மின் நிலையத்துக்குக் கீழேயோ, மாலை நேர மின் தேவைக்காக இயந்திரங்களை ஓட்டும்போது நீர் பெருகி, நிறுத்தும்போது வடிகிறது. ஆண்டுக்கு ஒரு முறை வரவேண்டிய ஏற்றமும் இறக்கமும் நாளுக்கு ஒரு முறை வருகின்றன. பூப்பதற்குச் சில வாரங்கள் காய்ந்த பாறை கேட்கும் செடிக்குச் சில மணி நேரமே கிடைக்கிறது.

இவை தவிர, கண்ணுக்கு எளிதில் தெரியாத இழப்புகளும் உண்டு. வண்டலும் மணலும் அணையில் தங்கிவிடுவதால், கீழே செல்லும் தெளிந்த நீர் கரையை அரிக்கிறது. ஆற்றில் மிதந்து சென்று கீழ்க்கரையில் முளைக்க வேண்டிய விதைகள் நீர்த்தேக்கத்தோடு நின்றுவிடுகின்றன. நீர்மின் அணைகள் அடுத்தடுத்துக் கட்டப்பட்ட ஸ்வீடன் நாட்டு ஆறுகளில் நடந்த ஆய்வுகள், ஒரே ஆற்றின் கரைத் தாவரங்கள் அணைக்கு அணை வேறுபட்டுத் துண்டு துண்டாகிப் போனதைப் பதிவு செய்துள்ளன.

இந்த இழப்புகளில் முதலாவது மட்டுமே ஹெக்டேர் கணக்கில் வருகிறது. எஞ்சியவை நிகழும் இடத்தில் நிலம் எதுவும் மூழ்குவதில்லை. எனவே கோப்பில் அவற்றுக்குக் கட்டமும் இல்லை.

ஏற்கெனவே கட்டுண்ட ஆறு

சாலக்குடி ஆறு இன்று தன்னிச்சையாக ஓடும் ஆறு அல்ல. பெரிங்கல்குத்து அணை 1957 முதலும், கேரளச் சோலையாறு மின் நிலையம் 1966 முதலும் இயங்கி வருகின்றன. பெரிங்கல்குத்திலிருந்து ஒரு பகுதி நீர் இடமலையாறு நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. இவற்றுக்கும் மேலே, பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், மேல் சோலையாறு அணைகள் உள்ளன. 1970-ல் கையெழுத்தான இரு மாநில உடன்பாட்டின்படி, இந்நீரின் ஒரு பகுதி கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்களுக்கு வருகிறது.

அதாவது, கொங்கு நாட்டின் பாசனத்தில் சாலக்குடி ஆற்றுக்கும் பங்கு உண்டு. அதிரப்பள்ளியின் கரைக்காட்டை அயல் மாநிலத்தின் செய்தியாக மட்டும் தமிழகம் பார்க்க முடியாததற்கு இது ஒரு காரணம். மேலே எடுக்கப்பட்ட நீரையும், நிறுத்தி நிறுத்தி விடப்படும் நீரையும் தாங்கிக்கொண்டு எஞ்சி நிற்பதே இன்றைய கரைக்காடு. புதிய திட்டம் ஒன்றை மதிப்பிடும்போது, அது தனியாகச் செய்யும் கேட்டை மட்டும் பார்ப்பதா, ஆறு அணைகளுக்குப் பிறகு வரும் ஏழாவது அணையாகப் பார்ப்பதா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் பெரிங்கல்குத்து அணையின் தலைக்கு மேலேயே நீர் புரண்டோடியது. அணை வெள்ளத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை குலைந்தது. கரையில் நிற்கும் மரமும் புதரும் மண்ணைக் காக்கும் அரண் என்பதை ஆற்றோர மக்கள் அப்போது மறுபடியும் பேசத் தொடங்கினர்.

அனுமதிக் கோப்பின் பயணம்

அதிரப்பள்ளித் திட்டத்தின்படி, வாழச்சாலுக்கு மேலே 23 மீட்டர் உயர அணை. அங்கிருந்து 4 கி.மீ.க்கும் அதிகமான சுரங்கப்பாதை. கண்ணன்குழி ஓடையின் அருகே மின் நிலையம். மொத்தத் திறன் 163 மெகாவாட். அணைக்கும், நீர் மீண்டும் ஆற்றைச் சேரும் இடத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 8 கி.மீ. வாழச்சால், அதிரப்பள்ளி அருவிகளும் கரைக்காட்டின் செழிப்பான பகுதியும் இந்த இடைவெளியில்தான் உள்ளன.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 1996-ல் முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்தது. 1998-ல் அனுமதி கிடைத்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு முறையாக நடத்தப்படவில்லை என்று தொடரப்பட்ட வழக்கில், அதை நடத்துமாறு 2001-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு நிறுவனமான வாப்காஸ் இரண்டாவது மதிப்பீட்டைத் தயாரித்தது. 2005-ல் மீண்டும் அனுமதி வந்தது. புதிய மதிப்பீட்டறிக்கையை மக்கள் முன் வைக்காமலேயே அனுமதி தரப்பட்டது என்று கூறி, 2006-ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுபடியும் கருத்துக் கேட்பு. 2007 ஜூலையில் மூன்றாவது அனுமதி.

2010 ஜனவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷின் அமைச்சகம், அனுமதியை ஏன் திரும்பப் பெறக் கூடாது என்று கேட்டு கேரள மின்வாரியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு அமைக்கப்பட்ட மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் நிபுணர் குழுவிடம் இப்பிரச்னையும் ஒப்படைக்கப்பட்டது. திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று 2011-ல் அளித்த அறிக்கையில் குழு பரிந்துரைத்தது. கரைக்காட்டின் தனித்தன்மை அதன் காரணங்களில் முக்கிய இடம் பெற்றது.

2013-ல் வந்த கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழுவின் அறிக்கை வேறு நிலை எடுத்தது. திட்டத்தை அது அடியோடு நிராகரிக்கவில்லை. அருவிக்குக் கீழே தேவைப்படும் சூழலியல் நீரோட்டத்தை மறு மதிப்பீடு செய்து கொண்டு வந்தால் பரிசீலிக்கலாம் என்றது. 2015-ல் அமைச்சகத்தின் நிபுணர் மதிப்பீட்டுக் குழு திட்டத்துக்குச் சாதகமான நிலையை எடுத்தது. ஆனாலும் பணி தொடங்கவில்லை. 2017-ல் அனுமதி காலாவதியானது. 2020 ஜூனில் புதிதாக அனுமதி கோர மின்வாரியத்துக்கு மாநில அரசு ஒப்புதல் அளித்தது. கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. கருத்தொற்றுமை இல்லாத நிலையில் திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரசு பின்னர் அறிவித்தது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2001-லும் 2006-லும் அணையைத் தடுத்தது நடைமுறைப் பிழை. பின்னர் தடுத்தது அரசியல் கருத்து வேறுபாடு. கரைத் தாவரங்களின் பொருட்டே அனுமதி மறுக்கப்படுகிறது என்று அமைச்சகத்தின் உத்தரவு எதுவும் இறுதியாகச் சொல்லவில்லை. நடைமுறை திருத்தப்பட்டு, கருத்தொற்றுமையும் உருவானால், கோப்பு மறுபடியும் தில்லிக்கு வரலாம்.

காடர்களின் கரை

ஆனைமலையின் தொல்குடிகளான காடர்கள், கேரள எல்லைக்குள்ளும் தமிழக எல்லைக்குள்ளும் வாழ்பவர்கள். மலை ஏற ஏற அணைகளும் தேயிலைத் தோட்டங்களும் வந்தபோதெல்லாம் இடம்பெயர்ந்தவர்கள். வாழச்சால், பொகலப்பாறை ஆகிய குடியிருப்புகள் அதிரப்பள்ளித் திட்டத்தின் அருகிலேயே உள்ளன. தேன், மெழுகு, மருந்து வேர், மீன் என்று அவர்களின் பிழைப்பு இக்காட்டையும் ஆற்றையும் நம்பியது.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ், வாழச்சால் வனக் கோட்டத்தில் உள்ள ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு 2014-ல் சமூக வன வள உரிமை வழங்கப்பட்டது. கேரளத்தில் இவ்வுரிமை பெற்ற முதல் பகுதி இதுவே. சுமார் 400 சதுர கி.மீ. காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைகளுக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. இருவாச்சிக் கூடுகளைத் தேடிக் கண்காணிக்கும் பணியில் காடர் இளைஞர்கள் ஈடுபட்டு வருகின்றனர். வாழச்சால் குடியிருப்பின் தலைவியான வி.கே. கீதா அணை எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவர். சாலக்குடி ஆற்றுக்காக நீண்ட காலம் வாதாடிய நதிநீர் ஆய்வாளர் ஏ. லதா 2017-ல் காலமானார்.

வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009-ல் மத்திய அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. 2022-ல் வந்த வனப் பாதுகாப்பு விதிகளோ, மத்திய அரசு அனுமதி அளித்த பிறகு வன உரிமைகளை உறுதி செய்யும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டன. ஒப்புதல் கேட்கும் கட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்பது பழங்குடி அமைப்புகளின் கவலை. காட்டின் செடிகளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள், முடிவு எடுக்கப்பட்ட பிறகே விசாரிக்கப்படும் நிலை அது.

மின்சாரத்தின் கணக்கு

திட்டத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கேரளம் தனக்குத் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. மாலை நேரத்தில் தேவை உச்சத்தைத் தொடும்போது விலையும் உச்சத்தைத் தொடுகிறது. சூரிய மின்சாரம் பெருகப் பெருக, பொழுது சாய்ந்த பின் ஏற்படும் இடைவெளி பெரிதாகிறது. நினைத்த நொடியில் ஓட்டவும் நிறுத்தவும் கூடிய நீர்மின் நிலையம் அதற்கு ஏற்றது. நிலக்கரியைப் போலப் புகை கக்குவதுமில்லை. இவை உண்மையான வாதங்கள்.

ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. 163 மெகாவாட் திறன் கொண்ட இந்நிலையத்திலிருந்து ஆண்டுக்கு எதிர்பார்க்கப்பட்டது 233 மில்லியன் யூனிட். முழுத் திறனில் ஆண்டு முழுவதும் ஓடினால் கிடைக்கக் கூடியதில் இது ஆறில் ஒரு பங்குதான். மேலே உள்ள அணைகள் விடும் நீரைப் பொறுத்தே அதுவும் கிடைக்கும். கேரளத்தின் ஓராண்டு மின் நுகர்வு 25,000 மில்லியன் யூனிட்டுக்கும் அதிகம். அதில் இது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. நினைத்த நொடியில் ஓட்டி நிறுத்துவது மின்வாரியத்துக்கு வசதி. கரைச் செடிக்குக் கேடு விளைவிப்பதும் அதே ஓட்டமும் நிறுத்தமும்தான்.

சிறியது என்றால் கேள்வி இல்லை

அதிரப்பள்ளி பெரிய திட்டம் என்பதால் அது குறித்துக் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பாவது இருந்தது. 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 25 மெகாவாட்டுக்குக் குறைவான நீர்மின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. மதிப்பீடும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. சிறு திட்டங்களுக்கு உகந்த இடம் நீர் செங்குத்தாக இறங்கும் பாறைச் சரிவு. அரிய பாறைத் தாவரங்களுக்கு உகந்த இடமும் அதுவே.

கர்நாடகத்தின் குமாரதாரா ஆற்றங்கரை இதன் விளைவை எண்ணிப் பார்க்க வைக்கும். இலுப்பையின் உறவான மதுகா இன்சிக்னிஸ் என்னும் மரம் உலகிலிருந்தே அற்றுப்போய்விட்டதாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், 2000-களின் தொடக்கத்தில் குமாரதாரா கரையில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அது கண்டறியப்படும் முன்பே அந்தக் கரையில் ஒரு சிறு மின் திட்டம் எழுந்திருந்தால், இழந்தது எது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். குமாரதாராவின் துணையாறான குண்டியாவில் திட்டமிடப்பட்ட 200 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கும் அனுமதி கூடாது என்று காட்கில் குழு பரிந்துரைத்தது.

சராவதிப் பள்ளத்தாக்கு இன்னொரு சான்று. 1964-ல் எழுந்த லிங்கனமக்கி அணை பரந்த காட்டை மூழ்கடித்தது. எஞ்சிய ஓடைகளில் ஒன்றான கத்தலேகானின் காட்டு ஜாதிக்காய்ச் சதுப்பில், செமகார்பஸ் கத்தலேகானென்சிஸ் என்னும் புதிய மரவகை 2000-ல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அணைக்கு முன்பு அங்கே என்னென்ன இருந்தன என்று கேட்க இனி வழியில்லை. இதே பள்ளத்தாக்கில் 2,000 மெகாவாட் நீரேற்று மின் திட்டம் ஒன்று இப்போது முன்வைக்கப்பட்டுள்ளது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு 2025-ல் அதற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது.

விழுக்காட்டில் அடங்காத வாழ்வு

ஆறுகளுக்கு நீர் விட வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு ஏற்காமல் இல்லை. 2018 அக்டோபரில் வெளியான கங்கை நதி அறிவிக்கை, மேல் கங்கையில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு நீரோட்டம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அதற்கு முன்பே, 2013 ஆகஸ்டில், உத்தரகண்டில் புதிய நீர்மின் திட்டங்களுக்கு அனுமதி தர உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அலக்நந்தா, பாகீரதி ஆறுகளில் உயிரினப் பன்மைக்குக் கேடு விளைவிக்கும் என்று இந்திய வனவிலங்கு நிறுவனம் சுட்டிய 24 திட்டங்களை ஆராயவும் பணித்தது.

இவை முன்னேற்றங்களே. ஆனாலும் விழுக்காடு என்பது நீரின் அளவைக் காட்டும். அதன் ஏற்ற இறக்கத்தைக் காட்டாது. ஒரு நாளின் சராசரி 30 விழுக்காடாக இருக்கும்போதே, காலையில் வறட்சியும் மாலையில் வெள்ளமுமாக ஆறு இருக்க முடியும். மனிதனுக்கு ஒரு மாத உணவை ஒரே நாளில் பரிமாறிவிட்டுக் கணக்கு சரி என்று சொல்வது போன்றது அது.

ஈடுசெய் காடு வளர்ப்பும் இங்கே கைகொடுக்காது. மலைச்சரிவில் வெட்டிய தேக்குக்குப் பதிலாக வேறிடத்தில் தேக்கு நடலாம். ஆறு ஓடாத இடத்தில் ஆற்றங்கரையை நட முடியாது.

எனவே, தாவரவியலாளர்களும் சூழலியலாளர்களும் முன்வைக்கும் கோரிக்கைகள் நடைமுறைக்கு எட்டாதவை அல்ல. ஓடையின் பாறைகள் வெளிப்படும் வாரங்களில் கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மழைக்காலத்தில் நீருக்கடியிலும், கடுங்கோடையில் சருகாகவும் இருக்கும் செடியை மற்ற நாள்களில் தேடினால் கிடைக்காது. மூழ்கும் பரப்போடு, நீர் குறையும் ஆற்றின் நீளத்தையும் கிலோமீட்டரில் பதிவு செய்ய வேண்டும். திட்டத்துக்குத் திட்டம் என்றில்லாமல் ஆற்றுப் படுகை முழுவதற்கும் ஒரே மதிப்பீடு வேண்டும். சிறு திட்டங்களுக்கான விலக்கை, குறைந்தபட்சம் மேற்குத் தொடர்ச்சி மலையிலாவது, மறுபரிசீலனை செய்ய வேண்டும். இயங்கி வரும் அணைகளிலும் நீரைத் திடீரென விடாமல் படிப்படியாக விட வேண்டும்.

கேரளத்துக்கு இதில் முன்னனுபவம் உண்டு. குந்திப்புழையின் குறுக்கே அமைதிப் பள்ளத்தாக்கில் திட்டமிடப்பட்ட அணை, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1983-ல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கைவிடுவது என்ற முடிவுக்குச் சட்டத்தின் வேலி அங்கே கிடைத்தது.

அதிரப்பள்ளிக்கு அத்தகைய வேலி இல்லை. திட்டம் நின்றுபோயிருக்கிறது, நீக்கப்படவில்லை. இதற்கிடையே, 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. நின்றுபோன கோப்புகளுக்கு மறுபடியும் உயிர் வரும் காலம் இது. அடுத்த முறை சாலக்குடியின் கோப்பு தில்லிக்கு வரும்போது, "எத்தனை ஹெக்டேர் மூழ்கும்?' என்ற பழைய கேள்விக்கு முன்னால், "எந்த மாதத்தில் எவ்வளவு நேரம் இந்தப் பாறைகள் நீருக்கு வெளியே இருக்கும்?' என்று அமைச்சகம் கேட்குமானால், கல்லூர்வஞ்சிக்கும் ஆற்றுவஞ்சிக்கும் முதன்முறையாக அந்தக் கோப்பில் ஓர் இடம் கிடைக்கும்.